செவ்வாய் ரோவர்களின் ஆயுள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

90 நாளுக்கென்று அனுப்பிய ரோவர் 14 ஆண்டு ஓடியது எப்படி?

செவ்வாயில் ஓடி ஆராய்ந்த நாசாவின் ஆளில்லா வண்டி (ரோவர்) ஆப்பர்ச்சூனிட்டியைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். 2004 ஜனவரியில் மெரிடியானி சமவெளியில் இறங்கியபோது அதற்கு வைத்த இலக்கு 90 சோல். சோல் என்பது 24 மணி 39 நிமிடம் 35 விநாடி கொண்ட செவ்வாய் நாள். ஓட வேண்டிய தூரம் 600 மீட்டர். அது கடைசியாகப் பேசியது 2018 ஜூன் 10 அன்று. அதற்குள் 45.16 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

90 சோலில் உடைந்துபோகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. "குறைந்தது இவ்வளவு நாள் ஓடியே தீர வேண்டும்" என்று பொறியாளர்கள் கொடுத்த உறுதி அது. அதை 90-இல் நிறுத்தக் காரணம் தூசி. 1997-இல் செவ்வாயில் ஓடிய சோஜர்னர் என்ற சிறு ரோவரின் சூரியத் தகட்டை அளந்தபோது தூசி படிந்து ஒரு சோலுக்கு 0.28 விழுக்காடு மின்சாரம் குறைந்துகொண்டே போனது தெரிந்தது. அதே வேகத்தில் போனால் 90 சோலில் கால்பங்கு போய்விடும். அதோடு குளிர்காலமும் சேர்ந்தால், இரவில் மின்னணுப் பாகங்கள் உள்ள பெட்டியைச் சூடாக வைக்கவே மின்சாரம் போதாது.

நடந்தது வேறு. காற்றும் சுழல்காற்றும் அவ்வப்போது தகட்டைத் துடைத்துவிட்டன. தூசியை நினைத்து வைத்த இலக்கு அங்கேயே பொய்த்துப்போக, மற்ற பாகங்கள் எவ்வளவு தாங்கும் என்பது வெளியே தெரிய வந்தது. பாகங்கள் ஏற்கெனவே 90 சோலுக்கு வெகு அதிகமாகச் சோதிக்கப்பட்டவை. மீதி ஆண்டுகளைப் பெற்றுத் தந்தது, நாள்தோறும் மின்சாரத்தை வாட்-மணிக் கணக்கில் எண்ணிச் செலவழித்த குழு.

அங்கே ரோவருக்கு முதல் எதிரி யார்?

குளிர் என்று சொன்னால் பாதிதான் சரி. குளிரும் வெயிலும் மாறி மாறி வருவதுதான் உண்மையான எதிரி. நடுக்கோட்டுப் பகுதியில்கூட பகலில் 0 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும் தரை, விடியும் முன் −80, −90 வரை இறங்கிவிடும். காற்றழுத்தம் நம் கடல்மட்ட அழுத்தத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. வெப்பத்தைப் பிடித்து வைக்க அங்கே போர்வை இல்லை.

ஒவ்வொரு சோலும் சர்க்யூட் பலகை ஓரளவு விரியும், அதில் பற்றவைத்த சில்லு வேறோர் அளவு விரியும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருப்பது சாலிடர் இணைப்பு. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிவதுபோல அதில் நுண்விரிசல் விழும். முதல் நூறு சோலில் ஒன்றும் தெரியாது. ஆயிரத்தில் ஒருநாள் இணைப்பு விட்டுப்போகும். அதுவும் குளிரில் விட்டு, சூட்டில் ஒட்டிக்கொண்டால் பிழையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

அதனால்தான் பின்னால் போன பெரிய ரோவரான கியூரியாசிட்டியின் மின்னணுப் பொதிகளைத் திட்ட ஆயுளைப்போல் 3 மடங்கு வெப்பச் சுழற்சியில் போட்டுச் சோதித்தார்கள். திட்ட ஆயுள் ஒரு செவ்வாய் ஆண்டு, அதாவது 669 சோல் என்பதால் ஏறக்குறைய 2,000 சுழற்சி. ரோவர் இப்போது அந்த எண்ணிக்கையின் இரு மடங்கைத் தாண்டிவிட்டது.

இரவுக் குளிரைத் தாங்க உள்ளே என்ன இருக்கிறது?

ஆப்பர்ச்சூனிட்டியிலும் அதன் இரட்டை ரோவரான ஸ்பிரிட்டிலும் பேட்டரியும் கணினியும் ஒரே காப்புப் பெட்டிக்குள் இருந்தன. சுவரில் ஏரோஜெல் என்ற மிக லேசான வெப்பக்காப்புப் பொருள், வெளியே தங்கப் பூச்சு. பெட்டிக்குள் வெப்பநிலை −40-க்குக் கீழேயோ +40-க்கு மேலேயோ போகக் கூடாது என்பது விதி. ஒவ்வொன்றும் 1 வாட் வெப்பம் தரும் 8 கதிரியக்கச் சூடேற்றிகள் உள்ளே இருந்தன; ஒன்றில் 2.7 கிராம் புளுட்டோனியம் டை ஆக்சைடு. சுவிட்ச் கிடையாது, கம்பி கிடையாது, கெட்டுப்போக வழியும் கிடையாது. மீதிச் சூட்டை, வேலை செய்யும் மின்னணுப் பாகங்களும் மின்சூடேற்றிகளும் தந்தன.

கியூரியாசிட்டியிலும் அதற்குப் பின் போன பெர்சிவரன்ஸிலும் புளுட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் அணு மின்கலம் வீணாக்கும் வெப்பமே பயன்படுகிறது. குழாய்களில் ஓடும் திரவம் அந்த வெப்பத்தை வண்டியின் வயிற்றுக்குள் கொண்டுவருகிறது. உள்ளே சூடு மிஞ்சினால் அதே திரவம் வெளியேற்றிவிடும்.

சக்கரத்திலும் கருவிக் கையிலும் உள்ள மோட்டார்களுக்கு இந்தப் பெட்டியின் பாதுகாப்பு இல்லை. அவை வெளியே குளிரில் நிற்கின்றன. கியருக்குள் இருக்கும் மசகு கடுங்குளிரில் இறுகிவிடும். அப்படியே சுழற்றினால் மின்னோட்டம் எகிறும், பல் தேயும். ஆகவே காலையில் ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு மோட்டாரையும் தனித்தனியே சூடேற்ற வேண்டும். இந்தச் செலவு சாதாரணமானதல்ல. குளிர்காலத்தில் ரோவர் குறைவாக ஓடுவதற்கு ஒரு முக்கியக் காரணம், ஓட்டத்தைவிடச் சூடேற்றத்துக்கே மின்சாரம் போய்விடுவது. மதியத்துக்குப் பிறகு ஓட்டினால் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும் என்பதால், ஓட்ட நேரத்தை மதியத்தை ஒட்டி வைப்பது வழக்கம்.

சூரியத் தகட்டைத் துடைக்க ஒரு துடைப்பான் வைத்திருக்கலாமே?

நியாயமான கேள்விதான். ஆனால் துடைப்பான் என்றால் ஒரு மோட்டார், ஒரு கியர், ஒரு சூடேற்றி, கம்பிகள், எடை. அதே எடையில் தகட்டையே கொஞ்சம் பெரிதாக்கிவிடலாம் என்பது வடிவமைப்பாளர் கணக்கு. மேலும் செவ்வாய்த் தூசி மிக நுண்ணியது, நிலைமின்னால் ஒட்டிக்கொள்வது. தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழக்கூடும்.

இன்சைட் என்ற, ஓரிடத்திலேயே நிற்கும் தரையிறங்கு கலம் ஒரு வேடிக்கையான வழியைக் காட்டியது. 2021 மே மாதம் அதன் கருவிக் கையால் மணலை அள்ளி, காற்று வீசும் நேரத்தில் தகட்டுக்குப் பக்கத்தில் மெல்லச் சொரிந்தார்கள். பெரிய மணிகள் காற்றில் துள்ளித் தகட்டின்மேல் உருண்டபோது நுண்தூசியையும் சேர்த்துக் கொண்டுபோயின. ஒரு சோலுக்கு ஏறக்குறைய 30 வாட்-மணி கூடியது. தொடக்கத்தில் சோலுக்கு 5,000 வாட்-மணி எடுத்த தகடு அது. கடைசியில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கி, 2022 டிசம்பரோடு ஓய்ந்தது. மணல் உத்தி சில மாதங்களை வாங்கித் தந்தது, அவ்வளவே.

சூரியத் தகட்டு ரோவரை ஓட்டுபவர்கள் கையில் இருந்த நல்ல ஆயுதம் சாய்வு. ஸ்பிரிட்டும் ஆப்பர்ச்சூனிட்டியும் செவ்வாயின் தென் அரைக்கோளத்தில் இருந்ததால் குளிர்காலச் சூரியன் வடக்கே தாழ்ந்து நிற்கும். வடக்கு நோக்கிச் சரியும் மேட்டைத் தேடிப் பிடித்து, வண்டியை அந்தச் சரிவில் நிறுத்திவிடுவார்கள். சில பாகை சாய்வுகூடக் குளிர்காலத்தைக் கடத்தப் போதும்.

தூசிப் புயல் ரோவரைக் கவிழ்த்துவிடுமா?

கவிழ்க்காது. அங்கே காற்றின் அடர்த்தி நம் காற்றில் ஏறக்குறைய 60-இல் ஒரு பங்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகப் புயல்கூட இங்கே 13 கிலோமீட்டர் வேகத் தென்றல் தள்ளுகிற அளவுக்குத்தான் தள்ளும்.

ஆபத்து இருட்டில் இருக்கிறது. வானத்தின் தூசி மறைப்பை 'டௌ' என்ற எண்ணால் அளப்பார்கள். எண் ஒன்று கூடினால் நேரடி வெயில் 2.7 மடங்கு குறையும். தெளிந்த நாளில் அது 0.5-ஐ ஒட்டி இருக்கும். 2007 புயலில் 5-ஐத் தாண்டியது. ஆப்பர்ச்சூனிட்டிக்கு ஒரு சோலில் 128 வாட்-மணிதான் கிடைத்தது, தப்பித்தது. 2018 ஜூனில் 10.8-ஐத் தொட்டது. நேரடி வெயிலில் 50,000-இல் ஒரு பங்குதான் தரைக்கு வந்திருக்கும். சில நாளுக்கு முன் 600 வாட்-மணிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த வண்டிக்குக் கடைசியாகக் கிடைத்தது 22.

அப்படியானால் அணு மின்கலம் வைத்துவிட்டால் கவலை விட்டதா?

தூசிக் கவலை விட்டது. வயதாகும் கவலை விடவில்லை. கியூரியாசிட்டியின் மின்கலத்தில் 4.8 கிலோ புளுட்டோனியம் டை ஆக்சைடு இருக்கிறது. தொடக்கத்தில் ஏறக்குறைய 2,000 வாட் வெப்பம் தந்தது. அதிலிருந்து, வெப்பத்தை மின்சாரமாக்கும் வெப்ப இணைகள் 110 வாட் மின்சாரம் எடுத்தன. ஒரு பழைய குண்டு பல்பு எரியப் போதுமான மின்சாரத்தில் 899 கிலோ வண்டி ஓடுகிறது என்று நினைத்துப் பார்த்தால் இந்தப் பொறியியலின் அருமை புரியும்.

புளுட்டோனியம்-238-இன் அரை ஆயுள் 87.7 ஆண்டு, ஆகவே வெப்பம் ஆண்டுக்கு 0.8 விழுக்காடு குறையும். வெப்ப இணைகளும் சேர்ந்து சோர்வதால் மின்சாரம் அதைவிட வேகமாகவே குறைகிறது.

ஓட்டம், துளையிடல் போன்ற வேலைகளுக்கு 110 வாட் போதாது. இரண்டு லித்தியம் அயனி பேட்டரிகளில் சேர்த்து வைத்துச் செலவழிக்கிறார்கள். மின்கலம் வலுவிழக்க, பேட்டரி நிரம்பப் பிடிக்கும் நேரம் கூடும். அந்த நேரமெல்லாம் ரோவர் தூங்க வேண்டும். 2025-இல் குழு கையாண்ட வழி, வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. முன்பெல்லாம் ஓட்டம் முடிந்த பிறகு படம், அதன் பிறகு செவ்வாயைச் சுற்றிவரும் சுற்றுகலத்தோடு பேச்சு என்று வரிசையாக நடக்கும். இப்போது ஓடிக்கொண்டே பேசுகிறது. அன்றைய வேலை சீக்கிரம் முடிந்தால் தானே முடிவெடுத்து முன்னதாகத் தூங்கிவிடுகிறது. கணினியும் சூடேற்றியும் விழித்திருக்கும் நேரம்தான் பெருஞ்செலவு என்பதால், இந்தச் சிறு மிச்சங்கள் சேர்ந்து மின்கலத்தின் பயன் நாளை நீட்டுகின்றன.

கியூரியாசிட்டியின் சக்கரங்கள் ஏன் கிழிந்தன?

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் "மெல்லிய தகரம் வைத்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

சக்கரம் 50 சென்டிமீட்டர் விட்டம் கொண்ட அலுமினியம். ஒரே பாளத்திலிருந்து கடைந்தெடுத்தது. அதன் வெளித்தோலின் தடிமன் 0.75 மில்லிமீட்டர்தான். அதன்மேல் குறுக்காக, வளைந்து ஓடும் 19 பிடிமான வரிகள். சுமையைத் தாங்குவது இந்த வரிகள், தோலின் வேலை மணலில் மிதப்பது. தோலில் வேண்டுமென்றே வெட்டிய துளைகளும் உண்டு. அவை மோர்ஸ் குறியீட்டில் ரோவரைக் கட்டிய ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ஆங்கில முதலெழுத்துகளைத் தரையில் பதிக்கும். அந்தத் தடத்தைப் படமெடுத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் உண்மையில் நகர்ந்தது என்று சரிபார்க்கலாம். பழைய படங்களில் அந்தத் துளைகளைக் கிழிசல் என்று தவறாக நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சக்கரத்துக்கு எடை வரம்பு கடுமையாக இருந்தது, ஏனெனில் தரையிறங்கும்போது முதலில் நிலத்தில் படுவதும் இவைதான், ஒரு சக்கரத்தில் ஒரு கிராம் கூடினால் மொத்தத்தில் ஆறு கிராம் கூடும். எதிர்பார்க்காதது, ரோவர் இறங்கிய கேல் பள்ளத்தின் தரை. காற்று அரித்துக் கூர்மையாக்கிய முனைகள், பாறைப் படுகையோடு ஒட்டி அசையாமல் நின்றன. தளர்ந்த கல் என்றால் சக்கரம் ஏறும்போது அது மண்ணில் அமுங்கும் அல்லது உருளும். வேர்விட்ட முனை அசையாது, தோலைக் குத்தும்.

அதோடு இன்னொரு விசையும் சேர்ந்தது. ஆறு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்றபோது, கல்லின்மேல் ஏறும் சக்கரம் கூடுதல் தூரம் கடக்க வேண்டியிருப்பதால் பின்தங்கும். பின்னாலுள்ள சக்கரங்கள் அதைக் கல்லின்மேல் அழுத்தித் தள்ளும். எனவே முன், நடுச் சக்கரங்களே அதிகம் அடிபட்டன. குத்தாத இடத்திலும் தோல் திரும்பத் திரும்ப நெளிந்து விரிசல் கண்டது.

2013 கடைசியில் படங்களில் கிழிசல் திடீரென்று பெருகியது தெரிந்ததும், செய்தவை இவை:

- போகும் வழியைச் சுற்றுகலப் படங்களில் பார்த்து, கூர்முனைப் பாறை உள்ள தரையைத் தவிர்த்து மணல் பள்ளங்கள் வழியாகத் திருப்பினார்கள். தூரம் கூடினாலும் சேதம் குறைந்தது.
- சில இடங்களில் பின்னோக்கி ஓட்டினார்கள். பின்னோக்கி ஓடும்போது சக்கரங்கள் தள்ளப்படாமல் இழுக்கப்படுகின்றன.
- 2017-இல் புதிய மென்பொருள் போனது. சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் தொங்கமைப்பின் கோணத்தைப் பார்த்து ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் தனித்தனியே மாற்றும். சோதனையில் முன் சக்கரச் சுமை 20 விழுக்காடும், நடுச் சக்கரச் சுமை 11 விழுக்காடும் குறைந்தன.
- கருவிக் கையின் நுனியிலுள்ள கேமராவைச் சக்கரத்துக்கு அடியில் நீட்டி, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை முழுச் சுற்றும் படமெடுக்கிறார்கள். சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டிப் படம், மறுபடி உருட்டிப் படம் என்று நடக்கும் வேலை இது.

இப்போதைய படங்களில் கைமுட்டி நுழையும் அளவு ஓட்டைகள் தெரிகின்றன. இருந்தும் 35 கிலோமீட்டரைத் தாண்டி ஓடிவிட்டது. தோலின் ஓட்டை கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரிந்தாலும், கவனிக்க வேண்டிய எண் உடைந்த வரிகள் எத்தனை என்பதே. ஒரு சக்கரத்தில் 3 வரி உடைந்தால் அதன் பயனுள்ள ஆயுளில் 60 விழுக்காடு போய்விட்டது என்பது பூமியில் நடந்த சோதனைகளின் முடிவு.

ஒரு சக்கரம் முழுதும் நைந்துபோனால்?

அதற்கும் திட்டம் இருக்கிறது. சக்கரத்தின் உட்புற மூன்றில் இரண்டு பங்கு கழன்று தொங்கினால் அது கம்பிகளை அறுக்கக்கூடும். எனவே கூரிய பாறையில் வேண்டுமென்றே உரசி அந்தப் பகுதியைக் கிழித்தெறிந்துவிட்டு, வெளிப்புறத்தில் மிஞ்சும் வளையத்தில் ஓட்டலாம் என்று பூமியில் உள்ள மாதிரி வண்டியில் சோதித்து வைத்திருக்கிறார்கள்.

பெர்சிவரன்ஸில் பாடம் படித்தார்களா?

படித்தார்கள். விட்டம் 52.5 சென்டிமீட்டர், அகலம் குறைவு, தோல் தடிமன் கூடுதல். 19 வரிகளுக்குப் பதில் மெல்ல வளைந்த 48 வரிகள், நெருக்கமாக. வரிகளுக்கு இடையே கூர்முனை நுழைய இடம் குறைவு. வண்டி 1,025 கிலோ ஆனபோதிலும் சக்கரங்களில் கியூரியாசிட்டி போன்ற கிழிசல் இல்லை. ஒரு முறை இடது முன் சக்கரத்துக்குள் ஒரு கல் புகுந்து ஓராண்டுக்கு மேல் கூடவே உருண்டுவந்தது, அதனாலும் தீங்கில்லை.

ரோவர் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

பெர்சிவரன்ஸின் உச்ச வேகம் விநாடிக்கு 4.2 சென்டிமீட்டர். மின்சாரம் குறைவு, எனவே கியர் மோட்டாரின் சுழற்சியைப் பெரிதும் குறைத்தே சக்கரத்துக்குத் தருகிறது. எனவே வேகம் குறைவு, ஆனால் இழுவிசை அதிகம். ஸ்பிரிங் இல்லாத ஆறு சக்கரத் தொங்கமைப்புக்கும் மெதுவான ஓட்டமே நல்லது. சக்கர அளவு கல்லின்மேல் ஏறும்போதுகூட ஆறு சக்கரமும் தரையை விடாது. வேகமாகப் போனால் அந்த ஒழுங்கு குலையும்.

மணலில் புதைந்துவிட்டால் எப்படி மீட்கிறார்கள்?

முதல் விதி, புதைவதை உடனே உணர்வது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும் தெரிந்தால் ரோவர் ஏமாந்துவிடும். அதனால் நடுநடுவே நின்று படமெடுத்து, சுற்றியுள்ள கற்கள் படத்தில் எவ்வளவு நகர்ந்தன என்று ஒப்பிடும். சக்கரம் 1 மீட்டர் சுற்றி வண்டி 20 சென்டிமீட்டர் நகர்ந்தால் 80 விழுக்காடு வழுக்கல்; வரம்பு தாண்டினால் தானே நின்றுவிட வேண்டும்.

2005 ஏப்ரலில் ஆப்பர்ச்சூனிட்டி ஒரு மணல் மேட்டில் இந்தச் சோதனை இல்லாமல் குருட்டோட்டமாகப் போய், நகராமலேயே பல மீட்டர் சுழற்றி அச்சு வரை புதைந்தது. ஜூன் வரை வெளியே வரவில்லை. ஏறக்குறைய 190 மீட்டருக்குச் சக்கரத்தைச் சுழற்றி, வண்டி நகர்ந்தது 1 மீட்டர் போல. ஒவ்வொரு கட்டளைக்கும் நடுவே படம் பார்த்து, பொறுமையாக எடுத்தார்கள்.

ஸ்பிரிட் 2009-இல் மாட்டிக்கொண்டது வேறு வகை. மேலே கெட்டியான ஓடு, அடியில் சல்பேட் நிறைந்த பொடிமண். ஓடு உடைந்து சக்கரங்கள் உள்ளே போயின. அதே மண்ணின் தன்மை வர டயட்டமைட் என்ற நுண்பொடி மண்ணையும் களிமண்ணையும் கலந்து தொட்டியில் கொட்டி, மாதிரி வண்டியைப் புதைத்து, மாதக்கணக்கில் உத்தி தேடினார்கள். ஆனால் அதற்குள் ஆறில் ஒரு சக்கரம் செத்திருந்தது. மீட்புக்கு நடுவே இன்னொன்றும் நின்றது. நான்கு சக்கரத்தால் முடியவில்லை. புதைந்ததே அதைக் கொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வடக்கு நோக்கிச் சாய முடியாமல் போனதால் குளிர்காலத்தில் மின்சாரம் வற்றி, பெட்டி உறைந்தது. கடைசிப் பேச்சு 2010 மார்ச் 22.

ஒரு மோட்டார் நின்றுவிட்டால் ரோவரின் கதை முடிந்ததா?

இல்லை. ஸ்பிரிட்டின் வலது முன் சக்கரம் 2004-லேயே அதிக மின்னோட்டம் இழுக்கத் தொடங்கியது. மசகு பரவட்டும் என்று சூடேற்றிப் பார்த்தார்கள், பின்னோக்கி ஓட்டினார்கள். 2006 மார்ச்சில் மோட்டார் நின்றேவிட்டது. அதன் பிறகு மற்ற ஐந்தால் பின்னோக்கி ஓட்டி, செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டே போனார்கள். அந்தச் சக்கரம் கிழித்த தடத்தில் 2007-இல் வெள்ளை மண் வெளிப்பட்டது. அளந்தால் ஏறக்குறைய 90 விழுக்காடு சிலிக்கா, வெந்நீரோ நீராவியோ அங்கே இருந்ததற்கான வலுவான சான்று. ஓடும் சக்கரமாக இருந்திருந்தால் மேலே ஏறிப் போயிருக்கும்.

கியூரியாசிட்டியின் துளைக் கருவியும் நல்ல எடுத்துக்காட்டு. 2016 டிசம்பரில், துளையூசியை முன்னே தள்ளும் மோட்டார் ஒழுங்காக வேலை செய்யவில்லை; அதன் பிரேக் மேல் சந்தேகம் விழுந்தது. முதலில் இருந்த முறையில், இரண்டு முட்டுகளைப் பாறையில் ஊன்றி நிலைப்படுத்தி, நடுவே ஊசியை நீட்டுவார்கள். புதிய முறையில் ஊசியை முழுதும் நீட்டிய நிலையிலேயே விட்டுவிட்டு, கருவிக் கையே ஊசியைப் பாறைக்குள் அழுத்துகிறது. முட்டு இல்லாததால் ஊசி பக்கவாட்டில் சிக்கக்கூடும். கையில் வேறு காரணத்துக்கு வைத்த விசை உணரியைக் கொண்டு அழுத்தத்தை அளந்து திருத்துகிறார்கள். 2018 மேயில் மீண்டும் துளை விழுந்தது. தூளைச் சலித்துக் கொடுத்த பழைய பாதையும் பயன்படாமல் போனதால், ஊசியைக் கருவியின் வாய்க்கு நேரே பிடித்து எதிர்த்திசையில் சுழற்றித் தூளை நேரடியாக உதிர்க்கிறார்கள்.

இந்த வகை மீட்பு சாத்தியமாவது, பாகங்களைத் தனித்தனியே கட்டுப்படுத்த வடிவமைப்பிலேயே இடம் விட்டிருப்பதால்தான். "இந்தக் கட்டளை இந்த ஒரு வேலைக்கு மட்டும்" என்று பூட்டி வைத்திருந்தால் 2016-லேயே துளையிடல் நின்றிருக்கும்.

கணினி கெட்டால் யார் சரிசெய்வது?

ஸ்பிரிட் இறங்கிய 18-ஆம் சோலிலேயே இந்தச் சோதனை வந்தது. மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் பெருகிவிட்டன. பயணத்தின்போது சேர்ந்தவையும் அழிக்கப்படாமல் இருந்தன. கோப்புப் பட்டியலை ஏற்றுமளவு நினைவகம் இல்லாமல் கணினி தானே மறுதொடக்கம் செய்யும், மறுபடி அதே பட்டியலை ஏற்ற முயலும், மறுபடி விழும். இரவில் தூங்கவும் இல்லை, பேட்டரி வடிந்தது. ஃபிளாஷைத் தொடாமல் தொடங்கு என்ற கட்டளையை அனுப்பி நிறுத்தினார்கள். பிறகு கோப்புகளை அழித்து, ஃபிளாஷைப் புதிதாக வடிவமைத்தார்கள்.

கியூரியாசிட்டியில் ஒன்றுபோல இரண்டு கணினிகள். 2013 பிப்ரவரியில், 200-ஆம் சோலை ஒட்டி, முதல் பக்கத்தின் ஃபிளாஷில் கோளாறு. இரண்டாம் பக்கத்துக்கு மாற்றினார்கள். 2018-இல் இரண்டாம் பக்கம் தொந்தரவு செய்ய, சீர்செய்து வைத்த முதல் பக்கத்துக்கு மறுபடி மாறினார்கள். பழுதான பாதியைத் தூக்கிப் போட்டுவிடாமல், கெட்ட நினைவகப் பகுதியை ஒதுக்கித் தயாராக வைத்திருந்தது கைகொடுத்தது.

'பாதுகாப்பு நிலை' என்று செய்திகளில் வருவது என்ன?

தன்னால் புரிந்துகொள்ள முடியாத எதையாவது கண்டால் ரோவர் ஓட்டத்தையும் கருவிகளையும் நிறுத்தி, உடல்சூட்டையும் மின்சாரத்தையும் மட்டும் காத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் பூமிக்குக் காது கொடுக்கும். சிக்னல் ஒரு வழி போகவே தூரத்துக்கேற்ப 3 முதல் 22 நிமிடம் ஆகிறது. ஆபத்து நேரத்தில் பூமியைக் கேட்டு முடிவெடுக்க அவகாசமில்லை. பாதுகாப்பு நிலைக்குப் போவது நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பூமியும் செவ்வாயும் சூரியனின் எதிரெதிர்ப் பக்கம் வரும்போது?

ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். சூரியனின் பிளாஸ்மாவால் கட்டளை சிதைந்து போகக்கூடும் என்பதால், சுமார் இரண்டு வாரம் புதிய கட்டளை அனுப்ப மாட்டார்கள். கையை மடக்கி, வண்டியை நிறுத்தி, வானிலை அளவீடு போன்ற சிறு வேலைகளை மட்டும் முன்கூட்டியே கொடுத்து வைப்பார்கள்.

சீனாவின் ஜூரோங் ஏன் எழவில்லை?

2021 மேயில் இறங்கிய 240 கிலோ ரோவர், 90 சோல் இலக்கைப் பல மடங்கு தாண்டி 1,921 மீட்டர் ஓடி, 2022 மேயில் குளிர்காலத்துக்காகத் தூங்கப் போனது. உள்ளே வெப்பநிலை −15 பாகையைத் தாண்டி, தகடு 140 வாட்டுக்கு மேல் எடுத்தால் தானே விழிக்கும்படி அமைத்திருந்தார்கள். அதில் கதிரியக்கச் சூடேற்றி இல்லை. பகலில் உருகி இரவில் உறைந்து வெப்பம் விடும் உண்டெக்கேன் என்ற சேர்மத்தை நம்பியிருந்தது. தகட்டில் தூசி படிந்து இரண்டு நிபந்தனையும் ஒருசேர நிறைவேறவில்லை என்பதே பொதுவான விளக்கம்.

நிலவு ரோவருக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை. நிலவில் ஓர் இரவு ஏறக்குறைய 14 பூமி நாள். ஓர் இரவைத் தாண்ட முடியுமா என்பதே அங்கே முதல் கேள்வி. சோவியத் ரோவர் லூனோகோட்-2 கதிரியக்கச் சூடேற்றியோடு 1973-இல் இரவுகளைத் தாண்டி 39 கிலோமீட்டர் ஓடியது. 2023-இல் இந்தியாவின் பிரக்யான் ஒரே ஒரு நிலவுப் பகலுக்கென்று அனுப்பப்பட்டது. அந்த வேலையை முடித்தது.

ஒரு ரோவர் இனி வராது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஆப்பர்ச்சூனிட்டியில் நடந்ததைச் சொன்னால் முறை புரியும். மின்சாரம் வற்றினால் மூன்று பிழைகள் அடுத்தடுத்து வரும் என்று முன்பே தெரியும். முதலில் குறைமின் பிழை: தகட்டில் போதுமான மின்சாரம் வரும்வரை தூங்கும். அடுத்து கடிகாரப் பிழை: நேரம் தெரியாததால், வெளிச்சத்தை வைத்து விழித்துப் பார்க்கும். மூன்றாவது, நீண்ட நாள் பூமியைக் கேட்காததால் தன் ரேடியோவே கெட்டதென்று எண்ணி வேறு வழிகளில் பேச முயலும். ஒவ்வொரு பிழைக்கும் அது எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் கேட்கும் என்று பட்டியலிட்டு, அதற்கேற்ப அழைப்பார்கள்.

2018 செப்டம்பரில் வானம் தெளிந்து டௌ 1.5-க்குக் கீழே வந்தபின் தீவிரமாக அழைத்தார்கள். காற்று தகட்டைத் துடைக்கக்கூடிய பருவம் முடியும்வரை விடவில்லை. 2019 ஜனவரி 25 அன்று கடைசிச் சாத்தியங்களுக்கான கட்டளைகள் போயின: முதன்மை ரேடியோ கெட்டிருந்தால் ஒன்று, இரண்டு ரேடியோவும் கெட்டிருந்தால் ஒன்று, கடிகாரம் தவறியிருந்தால் அதைத் திருத்த ஒன்று. மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகள். பிப்ரவரி 12 இரவு அனுப்பியதற்கும் பதில் இல்லை. மறுநாள் பணி முடிந்ததாக நாசா அறிவித்தது.